பழைய எவர்சில்வர் ரிவால்வர்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கா வாழ் வாசகர்கள் அனுப்பிய துப்பாக்கிக் கேள்விகளில், பெரிய விட்டமுள்ள ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். அநேகமாக எல்லாமே .44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடுபவை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: கன் ஷோவில் ஒரு மேசையில் ஸ்மித் அண்ட் வெஸன் 629 பார்த்தேன். ஆறு அங்குலக் குழல், புதுசு மாதிரி இருக்கிறது. அடுத்த வாரமும் அவர் வருவார். பத்து நிமிடம் கையில் கொடுத்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (டாலஸ்)

பதில்: புதுசு மாதிரி இருக்கிறது என்பதை முதலில் மறந்துவிடுங்கள். நீல முலாம் போட்ட துப்பாக்கியில் குழல் நுனியிலும் சிலிண்டர் ஓரத்திலும் முலாம் தேய்ந்து வெள்ளை தெரியும். எவ்வளவு உழைத்தது என்று அதுவே சொல்லிவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் தேய முலாமே கிடையாது. பல ஆயிரம் தோட்டா சுட்டதைக்கூட அரை மணி நேரம் பாலிஷ் போட்டுத் துடைத்தால் பெட்டியிலிருந்து எடுத்தது போல நிற்கும். அதனால் வெளித்தோற்றத்துக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

சட்டைப் பையில் கொண்டுபோக வேண்டியவை: கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ், பேனா அளவு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு துண்டு வெள்ளைத் தாள், ஆறு .44 ஸ்னாப் கேப். ஸ்னாப் கேப் என்பது மருந்தில்லாத போலித் தோட்டா. ஏன் ஆறு என்பது கீழே வரும்.

கையில் வாங்கியதும் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, சிலிண்டரைத் திறந்து, ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். விற்பவர் ஏற்கெனவே பார்த்திருந்தாலும் நீங்களும் பார்க்க வேண்டும். கன் ஷோவில் பிளாஸ்டிக் பட்டை மாட்டி இயக்கத்தைப் பூட்டியிருப்பார்கள். அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். டிரிகரை இழுத்துப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். மாட்டேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம். இயக்கிப் பார்க்காமல் ரிவால்வர் வாங்குவது வீண்.

முதல் சோதனை நேரம், அதாவது டைமிங். ஆறு ஸ்னாப் கேப்பையும் போட்டு மூடுங்கள். இடது கை விரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்து, அது சுழல்வதற்குச் சிறு தடை கொடுங்கள். வலது கட்டைவிரலால், தோட்டாவை அடிக்கும் ஹேமரை மிக மெதுவாகப் பின்னே இழுங்கள். கீழேயிருந்து வரும் பூட்டு சிலிண்டரின் பள்ளத்தில் ‘டிக்’ என்று விழ வேண்டும். ஹேமர் முழுதாகப் பின்னே போய் நிற்பதற்கு முன்பே விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் பூட்டு விழாமல், விரலால் தள்ளினால்தான் விழுகிறது என்றால் அந்த அறைக்கு நேரம் தவறிவிட்டது. இதை ஆறு அறைக்கும் செய்யுங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறுவது சாதாரணம். விற்பவர் காட்டும்போது அந்த ஒன்று கண்ணில் படாது. சிலிண்டரைச் சுழற்றும் ‘ஹேண்ட்’ என்ற சின்னத் தகடு தேய்வதுதான் பெரும்பாலும் காரணம். புதியது பொருத்தினால் சரியாகும், ஆனால் அரம் பிடித்து அளவு பார்த்துப் போடத் தெரிந்த கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், வேண்டும். ஸ்னாப் கேப் போடாமல் காலியாகச் சோதித்தால், சில பிந்தைய ஸ்மித்களில் பின்னாலுள்ள, உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு இடம் அசைந்து, நல்ல துப்பாக்கிகூட நேரம் தவறுவது போலத் தெரியும்.

இரண்டாவது, பூட்டின் இறுக்கம். ஹேமரை இறக்கி, டிரிகரைப் பின்னே அழுத்திப் பிடித்துக்கொண்டே சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஸ்மித்தில் மெல்லிய அசைவு இருக்கும்; அது குறையல்ல. சலசல என்று ஆடினால் பள்ளங்களை லென்ஸில் பாருங்கள். ஒரு பக்க ஓரம் நசுங்கிப் பிதுங்கியிருந்தால், யாரோ ஹேமரைக் கையால் இழுக்காமல் டிரிகரை மட்டுமே இழுத்து, வேகமாக டபுள் ஆக்‌ஷனில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, இடைவெளி. இதுதான் பேரத்துக்கு உதவும் எண். சிலிண்டரைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழலின் பின்முனைக்கும் சிலிண்டர் முகத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழையுங்கள். எந்தத் தகடு கடைசியாக நுழைகிறதோ அதுதான் இடைவெளி. பிறகு சிலிண்டரை முன்னே தள்ளிப் பிடித்து மறுபடி அளவிடுங்கள். இரண்டின் வித்தியாசம் முன்பின் ஆட்டம், ‘எண்ட் ஷேக்’. பின்னே தள்ளி எடுத்த இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 0.010ஐத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 0.003க்குக் கீழே இருந்தாலும் தொல்லைதான். முப்பது நாற்பது தோட்டாவுக்குள் புகைக்கரி படிந்து சிலிண்டர் உரசத் தொடங்கும். முன்பின் ஆட்டம் 0.003 வரை கவலையில்லை. 0.005 என்றால், சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கையான யோக்குக்குள் மெல்லிய எஃகு வளையம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். வளையம் மலிவு, கூலிதான் செலவு. ஆட்டத்தைக் கண்டுகொள்ளாமல் மேக்னம் சுட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு வெடிப்பிலும் சிலிண்டர் சுத்தி போல முன்பின் அடித்து ஆட்டத்தை இன்னும் பெரிதாக்கும்.

நான்காவதைச் செய்ய விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஹேமரைப் பின்னே நிறுத்தி, டிரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னோக்கி ஓரளவு அழுத்துங்கள். விழவே கூடாது. விழுந்தால், டிரிகர் மிருதுவாக வேண்டும் என்று எவரோ வீட்டில் உட்கார்ந்து உள்பல்லை உரசியிருக்கிறார். என்ன விலை சொன்னாலும் வேண்டாம்.

கடைசியாகக் குழல். சிலிண்டரைத் திறந்து, வெள்ளைத் தாளைப் பின்முனையில் வைத்து டார்ச் அடித்து, நுனி வழியாகப் பாருங்கள். ஈயப்படிவு சாம்பல் கோடாகத் தெரியும்; சுத்தம் செய்தால் போய்விடும். குழலுக்குள் ஓரிடத்தில் முழு வட்டமாகக் கறுப்பு நிழல் வளையம் தெரிந்தால் அது அழுக்கல்ல. வலுவில்லாத தோட்டாவின் குண்டு நடுவில் சிக்கி, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டு, உள்சுவர் வீங்கியிருக்கிறது. குழலின் பின்வாயை, ஃபோர்ஸிங் கோன் என்று சொல்லும் புனலை, லென்ஸில் பார்த்து விரிசல் தேடுங்கள். அதற்கு நேர் மேலே சட்டத்தில், அதாவது துப்பாக்கியின் உடற்கூட்டில், ஒரு மெல்லிய வெட்டுக்கோடு இருக்கும். அது தீப்பொறி அரித்தது. ஓரளவுக்குப் பிறகு தானே நின்றுவிடும், பயம் வேண்டாம்.

குறிபார்க்க உதவும் பின்குறியை மேலேயிருந்தும் பாருங்கள். பார்வைத் தகடு ஒரு பக்க ஓரத்துக்கே தள்ளி வைக்கப்பட்டிருந்தால், குழல் கொஞ்சம் சாய்ந்து முறுக்கப்பட்டிருக்கலாம்.

கேள்வி: 629-1, 629-3, 629-6 என்று எழுதுகிறார்களே, அந்தக் கோட்டுக்குப் பின்னாலிருக்கும் எண் என்ன? எது நல்லது? (ராலே)

பதில்: பொறியியல் மாற்றம் செய்யும்போதெல்லாம் ஸ்மித் அண்ட் வெஸன் அந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே வந்தது. சிலிண்டரைத் திறந்து, யோக் உட்காரும் பள்ளத்தில் சட்டத்தின் மேல் பாருங்கள். ‘மாடல் 629-3’ போல அங்கே பொறித்திருக்கும். வரிசை எண்ணை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீல முலாம் பூசிய மாடல் 29இன் ஸ்டெயின்லெஸ் பதிப்புதான் 629. 1970களின் இறுதியில் வந்தது. எண்ணில்லாத முதல் 629இல் இரண்டு அடையாளம்: குழலைச் சட்டத்தோடு பூட்டும் சிறு ஊசி வலப்பக்கம் தெரியும், தோட்டாவின் விளிம்பு சிலிண்டருக்குள் அமிழ்ந்து உட்காரும். 1982இல் வந்த 629-1இல் இரண்டும் போய்விட்டன. சேகரிப்பவர்கள் அந்த ஊசிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். சுடுபவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. எங்களைக் கேட்டால், சுடுவதற்காக ஊசித் துப்பாக்கி தேடுவது காசைக் கரியாக்குவது.

1980களில் தூரத்து உலோக உருவங்களைக் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் கனத் தோட்டாவைப் பெட்டி பெட்டியாகத் தீர்த்தார்கள். அப்போது ஒரு பலவீனம் வெளிப்பட்டது. பின்னுதைப்பில் பூட்டு துள்ளி, சிலிண்டர் பின்னோக்கிச் சுழன்று, சுட்ட அறையே மறுபடி ஹேமரின் கீழே வந்து நின்றது. அதற்கு மருந்தாகத்தான் 1988இன் 629-2இல் யோக்கைப் பிடிக்கும் முறையையும் ஹேண்டையும் மாற்றினார்கள். 1990இன் 629-3இல் சிலிண்டர் பள்ளங்களையே நீளமாக்கினார்கள். நிறையச் சுட நினைப்பவருக்கு எங்கள் தேர்வு 629-3, இல்லாவிட்டால் அடுத்து வந்த 629-4. 629-4இல் பின்குறியின் கீழே சட்டத்தில் தொலைநோக்கி மாட்டத் துளையும் போட்டு வந்தது. இரண்டிலும் பழைய வகை ஹேமர். அடிக்கும் ஊசி ஹேமரிலேயே நீட்டிக்கொண்டிருக்கும்.

1998 வாக்கில் வந்த 629-5இல் அந்த ஊசி சட்டத்துக்குள் போனது. ஹேமரின் முகம் தட்டையானது. ஹேமரும் டிரிகரும் உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டெடுத்த பாகங்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் அவை உழைக்காதவை அல்ல. 2001–02 வாக்கில் 629-6இல் சாவியால் இயக்கத்தைப் பூட்டும் உட்பூட்டு வந்தது. சிலிண்டர் திறக்கும் பொத்தானுக்கு மேலே சாவித்துளை தெரிந்தால் அதுதான்.

கேள்வி: அந்தச் சாவித்துளை இருந்தால் வாங்கக் கூடாது என்கிறார்கள். உண்மையா? (பீனிக்ஸ்)

பதில்: தோற்றத்தைக் கெடுக்கிறது என்பது உண்மை, மறுவிற்பனையில் கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை. குறிப்பலகை மேல் சுடுபவர் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்து வாங்கிவிட்டு சந்தோஷமாக இருக்கலாம்.

கேள்வி: ரூகர் ரெட்ஹாக் ஒன்று, கோல்ட் அனகோண்டா ஒன்று, 629 ஒன்று. மூன்றும் கிடைக்கின்றன. எதை எடுப்பது? (அட்லாண்டா)

பதில்: கையில் வைத்ததுமே பாதி பதில் கிடைத்துவிடும். ஆறு அங்குல 629 சுமார் 45 அவுன்ஸ், அதாவது 1.3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 7.5 அங்குல ரெட்ஹாக் 54 அவுன்ஸ், ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். இடுப்பில் கட்டிக்கொண்டு காட்டில் நடக்க அது பாரம்; கனத் தோட்டா சுட அதே பாரம் வரம்.

ரெட்ஹாக் 1979இல் வந்தது. பக்கத் தகடே இல்லாத முழுச் சட்டம். சிலிண்டர் முன்பக்கம் யோக்கிலும் பூட்டிக்கொள்ளும். கனத் தோட்டா மட்டுமே சுடுவேன் என்பவருக்கு நாங்கள் அதைத்தான் சொல்வோம். குறை டிரிகரில். ஹேமருக்கும் டிரிகருக்கும் சேர்த்து ஒரே சுருள்வில். அதன் விசையைக் குறைத்தால் தோட்டா வெடிக்காமல் போகும், குறைக்காவிட்டால் விரல் வலிக்கும். 1987இன் சூப்பர் ரெட்ஹாக்கில் இரண்டுக்கும் தனித்தனி வில் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அழகு விஷயத்தில் அது கொஞ்சம் பின்தங்கிய பிள்ளைதான்.

அனகோண்டா 1990இல் வந்தது. பிறகு நின்றுபோய் 2021இல் புது வடிவமைப்பில் திரும்ப வந்தது. பழையதன் விலையில் பெரும்பங்கு குழல் மேலிருக்கும் குதிரைச் சின்னத்துக்குப் போகிறது. உட்பாகம் உடைந்தால் தேடி அலைய வேண்டும். சேகரிப்புக்கு என்றால் எடுங்கள், சுடுவதற்கு என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: சிலிண்டர் திறக்கும் பொத்தானை ஸ்மித்தில் முன்னே தள்ள வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும், கோல்ட்டில் பின்னே இழுக்க வேண்டும். மேசை முன்னால் நின்று ரூகரின் பொத்தானை முன்னே தள்ளிப் போராடுபவரைப் பார்த்தால், இவர் முதல்முறை வாங்குகிறார் என்று விற்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: விற்பவர் கண்ணாடி போல பாலிஷ் செய்து வைத்திருக்கிறார். கூடுதலாக இருநூறு டாலர் கேட்கிறார். நியாயமா? (சார்லட்)

பதில்: இருநூறைக் குறைக்க வேண்டிய துப்பாக்கி அது. 629 பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வருவது பிரஷ் போட்ட மங்கல் வெள்ளியாக. பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் விளிம்புகள் உருண்டுவிடும், ஒருமுறை உருண்டது திரும்பாது. மூன்று இடத்தில் லென்ஸ் வையுங்கள். குழல் மேலிருக்கும் எழுத்துகளின் ஓரம் கூராக இருக்கிறதா, மழுங்கிக் கரைந்திருக்கிறதா? திருகாணித் தலையைச் சுற்றியுள்ள இடம் தட்டையாக இருக்கிறதா, கிண்ணம் போலக் குழிந்திருக்கிறதா? வலப்பக்கத் தகடு சட்டத்தோடு சேரும் கோடு கண்ணுக்குத் தெரிகிறதா? தொழிற்சாலை வேலையில் அந்தக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மங்கல் வெள்ளியில் வெறும் கீறல் மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள். சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட் அட்டையால், பழைய கோடுகள் ஓடும் திசையிலேயே, நேராக நாலு முறை இழுத்தால் சாதாரணக் கீறல் மறைந்துவிடும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. எழுத்துப் பக்கம் போகவும் கூடாது. சில ஆண்டுகளின் ஹேமர், டிரிகர் மீது குரோம் முலாம் இருக்கும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள், முலாம் உரிந்துவிடும்.

கேள்வி: எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காது என்று தோல் உறையிலேயே வைத்திருந்தேன். பிடியைக் கழற்றினால் பழுப்புப் புள்ளிகள். எப்படி? (ஹூஸ்டன்)

பதில்: சமையலறைப் பாத்திரத்து எஃகும் இதுவும் ஒன்றல்ல. குழலும் சிலிண்டரும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும்படி வெப்பத்தால் கடினமாக்கக்கூடிய எஃகில் செய்யப்படுகின்றன; .44 மேக்னத்துக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அப்படிக் கடினமாகும் வகைகளில் நிக்கல் மிகக் குறைவு. வியர்வை உப்பும் ஹூஸ்டன் ஈரமும் சேர்ந்தால் துருப் பிடிக்கத்தான் செய்யும். தோல் உறை ஈரத்தையும் பதனிட்ட உப்பையும் பிடித்து வைத்திருக்கும். அதில் போட்டு வைப்பதுதான் தவறு. உறை இடுப்புக்கு, பெட்டி வீட்டுக்கு.

பழுப்புப் புள்ளியை எண்ணெய் தோய்த்த மென்மையான வெண்கலக் கம்பிப் பஞ்சால் தேயுங்கள், பெரும்பாலும் போய்விடும். சாதா இரும்புக் கம்பிப் பஞ்சு வேண்டாம்: அதன் துகள் எஃகில் பதிந்து, அதுவே புதிய துருவாகும். விரல் நகம் வைத்தால் குழி தட்டுகிறது என்றால் அது இருக்கட்டும், எண்ணெய் பூசி விடுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் எண்ணெயின்றி உரசினால் ஒன்றையொன்று கவ்விக் கீறும் குணமும் உண்டு. யோக் தண்டில் ஒரு துளி, உறைகளை வெளியேற்றும் கம்பியில் ஒரு துளி, ஹேமரின் பக்கவாட்டில் ஒரு துளி. அதற்கு மேல் ஊற்றினால் மருந்துத்தூளைப் பிடித்துப் பசையாக்கும்.

சிலிண்டர் முகத்தில் ஆறு கறுப்பு வளையம் வரும். அதை எடுத்தே தீருவேன் என்று சிலர் ராத்திரி முழுக்கத் தேய்க்கிறார்கள். அடுத்த ஆறு தோட்டாவில் அது திரும்ப வரும்.

கேள்வி: டபுள் ஆக்‌ஷனில் சுட்டால் ஆறில் ஒன்றிரண்டு வெடிப்பதில்லை. ஹேமரை இழுத்து வைத்துச் சுட்டால் எல்லாம் வெடிக்கிறது. ஹேமர் மாற்ற வேண்டுமா? (டென்வர்)

பதில்: அதற்கு முன் ஒரு திருகாணியைப் பாருங்கள். ஸ்மித்தில் பிடியின் முன்பக்கம் கீழே ஒரு திருகாணி இருக்கும். பெரிய தட்டை வில்லை அழுத்தி நிறுத்துவது அதுதான். டிரிகர் இலேசாக வேண்டும் என்று அதைத் தளர்த்துவது அமெரிக்கா முழுக்க நடக்கும் திருட்டு வைத்தியம். டபுள் ஆக்‌ஷனில் ஹேமர் பின்னே போகும் தூரம் குறைவு. வில்லும் தளர்ந்திருந்தால் அடியில் வேகம் போதாது. அடிவரை இறுக்குங்கள். இறுக்கியும் வெடிக்கவில்லை என்றால், திருகாணியின் முனையை அரத்தால் குட்டையாக்கியிருப்பார்கள். புதியது சில டாலர்தான். அதற்கும் மசியாவிட்டால் கன்ஸ்மித்திடம் போங்கள்.

பக்கத் தகட்டை நீங்களே திறப்பதாக இருந்தால்: ஸ்குரூடிரைவரின் முனை திருகாணிப் பிளவை முழுக்க நிரப்ப வேண்டும். எந்தத் திருகாணி எந்தத் துளை என்று ஒரு தாளில் குத்தி வையுங்கள். யோக்கைப் பிடிக்கும் முன் திருகாணி அந்தத் துப்பாக்கிக்கென்றே அளவு பார்த்தது, இடம் மாறினால் சிலிண்டர் இறுகும். தகட்டை எதையும் செருகி நெம்பாதீர்கள். திருகாணிகளை எடுத்த பின், தகட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, மரப்பிடியுள்ள ஸ்குரூடிரைவரின் பிடியால் சட்டத்தைத் தட்டுங்கள். நாலைந்து தட்டில் தானே மேலெழும்பும்.

கேள்வி: சுட்டு முடித்தபின் சிலிண்டர் திறக்கவே இல்லை. உள்ளே தோட்டா உறைகள் இருக்கின்றன. என்ன செய்வது? (சியாட்டில்)

பதில்: வெடிக்காத தோட்டா உள்ளே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே கையாளுங்கள், குழல் பாதுகாப்பான பக்கமே இருக்கட்டும். ஸ்மித்தில் இதற்கு முதல் சந்தேகம் வெளியேற்றும் கம்பி. அதிர்வில் மரை கழன்று, கம்பி நீண்டு, முன்பூட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். குழலின் அடியிலிருக்கும் இடைவெளி வழியாகக் கம்பியை விரலாலோ, துணி சுற்றிய மெல்லிய குறடாலோ பிடித்து, பொத்தானை முன்னே தள்ளியபடியே திருகுங்கள். கவனம்: அது இடது மரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். வழக்கம் போல வலப்பக்கம் திருகினால் இன்னும் மோசமாகும். திறந்த பிறகு நிரந்தரமாக இறுக்கும்போது, எதிரெதிர் அறைகளில் இரண்டு காலி உறைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த முறுக்கு விசை முழுதும் நட்சத்திரத் தகட்டைத் தாங்கும் சின்ன ஊசிகள் மீது விழும். நீல நிறப் பூட்டுப்பசை ஒரு துளி போதும்.

கம்பி இறுக்கமாகவே இருந்தால் நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத்தூள் சிக்கியிருக்கலாம். வராமலிருக்க வழி: உறைகளை வெளியேற்றும்போது குழல் நுனி வானம் பார்த்திருக்கட்டும். கிடைமட்டமாகப் பிடித்தால் தூள் நட்சத்திரத்துக்கு அடியில் விழும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று பையில் இருந்தால் அங்கேயே தட்டிவிடலாம்.

கேள்வி: மேக்னத்தின் உதையை மனைவியாலும் தாங்க முடியவில்லை, உண்மையைச் சொன்னால் என்னாலும்தான். .44 ஸ்பெஷல் போடலாமா? (சான் ஹோசே)

பதில்: தாராளமாக. 240 கிரெய்ன் எடையுள்ள குண்டு வினாடிக்கு 1,350 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 970 அடி-பவுண்டு. பழைய போலீஸ்காரர்களின் .38 ஸ்பெஷலைப் போல ஐந்து மடங்குக்கு அருகில். அதில் தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு டிரிகரை இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை விடுவது பெரும்பாடு. 1907 முதல் இருக்கும் .44 ஸ்பெஷல் இந்தத் துப்பாக்கியில் பூனைக்குட்டி போல நடந்துகொள்ளும். மாற்றிச் செய்யக் கூடாது, அதாவது ஸ்பெஷல் துப்பாக்கியில் மேக்னம் போடக் கூடாது. நீளமாக இருப்பதால் பெரும்பாலும் நுழையாது.

ஒரே தொல்லை: ஸ்பெஷல் உறை 1.16 அங்குலம், மேக்னம் உறை 1.285. ஸ்பெஷல் முடியும் இடத்தில் அறைக்குள் கரி வளையம் கட்டும். அதன் பிறகு மேக்னத்தைப் போட்டால் உறையின் வாய் அந்த வளையத்தில் இறுகி, தோட்டா முழுதாக உட்காராது. அழுத்திப் போட்டுச் சுட்டால் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். ஸ்பெஷல் சுட்ட அன்றே, கரைப்பான் தடவிப் பதினைந்து நிமிடம் விட்டு, ஆறு அறையையும் .45 பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். காதுக்கு உள்ளே அடைப்பான், மேலே மஃப், இரண்டும் சேர்த்து. முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டும்; கையில் இருப்பது ஈயம்.

பழைய துப்பாக்கியோடு ‘நானே செய்த தோட்டா, இனாம்’ என்று ஒரு பை கொடுப்பார்கள். வாங்கினாலும் சுடாதீர்கள்.

கேள்வி: நான் எச்-1பியில் இருக்கிறேன். மனைவிக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. அவர் பெயரில் வாங்கினால் சரிதானே? (டாலஸ், இன்னொருவர்)

பதில்: சரியல்ல. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறோம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசின் சட்டம் 922(ஜி)(5) தடை செய்கிறது. ‘வாங்குவது’ மட்டுமல்ல, ‘வைத்திருப்பது’. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் சேரும். தண்டனை 15 ஆண்டு வரை. குடியேற்ற வழக்கு தனி.

விலக்கு உண்டு. ஏதாவதொரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் தடை பொருந்தாது. ஆனால் அந்த உரிமம் பெரும்பாலும் ஆண்டுக்கொருமுறை காலாவதியாகும். அன்று புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் பேசாமல் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும். கிரீன் கார்டுள்ள மனைவி தனக்காக வாங்கலாம், தடையில்லை. உங்களுக்காக அவர் வாங்கி, கடையில் நிரப்பும் கூட்டரசின் படிவம் 4473இல் ‘எனக்குத்தான்’ என்று கையெழுத்துப் போட்டால் அது பொய் வாக்குமூலம். அவருக்கே என்று வாங்கினாலும், பெட்டியின் சாவியோ எண்ணோ உங்களிடம் இருந்தால் உங்கள் வசமிருப்பதாகவே வாதிட முடியும். துப்பாக்கி வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுங்கள்.

கேள்வி: வேறு மாநிலத்தில் ஒருவரிடம் இணைய ஏலத்தில் வாங்குகிறேன். நேரில் பார்க்க முடியாதே? (நாஷ்வில்)

பதில்: வேறு மாநிலத் தனியாரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்கினால் அது உங்கள் மாநில உரிமக் கடைக்குத்தான் வர வேண்டும். அங்கே படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகே உங்கள் கைக்கு. உங்களுக்குச் சாதகமான இடமும் அதுதான். பல விற்பனையாளர்கள் மூன்று நாள் திருப்பும் அவகாசம் தருகிறார்கள். ஆனால் உங்கள் பேருக்கு மாறியதும் அது முடிந்துவிடும். ஆகவே படிவத்தில் பேனா வைக்கும் முன் கடையிலேயே ஃபீலர் கேஜை எடுங்கள். ஏலத்துக்கு முன்பே நான்கு படம் கேளுங்கள்: ஃபோர்ஸிங் கோன், திறந்த யோக்கில் மாடல் எண், சிலிண்டர் பள்ளங்கள் கிட்டத்தில், பிடி கழற்றிய சட்டம். கடைசிப் படத்தை அனுப்பத் தயங்கினால் துரு அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ஊருக்குப் போகும்போது சித்தப்பாவுக்குக் காட்ட ஒரு காலி உறையாவது எடுத்துப் போகலாமா? (நியூ ஜெர்சி)

பதில்: வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமில்லாத ஒரு தோட்டாவே வழக்குக்குப் போதும். காலி உறையைக்கூட ஸ்கேனர் முன் நின்று விளக்கி விமானத்தைத் தவறவிடுவீர்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கப் பையின் தையலுக்குள் ஒன்று உருண்டு கிடக்கும். சித்தப்பாவுக்குப் படம் அனுப்புங்கள்.

கேள்வி: பழைய மரப்பிடியை மாற்றி ரப்பர் போட்டுவிட்டேன். மரத்தைத் தூக்கி எறியலாமா? (சிகாகோ)

பதில்: ஐயோ, வேண்டாம்! மேக்னம் சுட ரப்பர்தான் நல்லது, மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தொழிற்சாலை மரப்பிடியை அதன் திருகாணியோடு ஒரு துணியில் சுற்றி அசல் பெட்டியில் போடுங்கள், பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஒட்டுச்சீட்டின் வரிசை எண் துப்பாக்கியோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். விற்கும் நாளில் மரப்பிடி, பெட்டி, தாள்கள் மூன்றும் சேர்ந்திருந்தால், சிலிண்டர் இறுக்கத்துக்கு அடுத்தபடியாக வாங்குபவர் காசு கொடுப்பது அதற்குத்தான்.